இழுவைப் பெட்டியும் இரண்டடி இரும்பும்

அறுவடைக் காலத்திலே மருதமுனையிலிருந்து அக்கரைப்பற்று வரையுள்ள கரையோரப் பெருந்தெருவில் சிறிது நேரம் நின்று பார்ப்போர், உழவு இயந்திரங்களின் ஊர்வலம் ஒன்றைக் காண்பர். கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், ஒலுவில், பாலமுனை, அட்டாளைச்சேனை என ஊர்கள் ஒன்றன் தோளில் ஒன்று கை போட்டாற்போல் நெருங்கி நிற்கும் பகுதி இது. கிழக்கே கடல், மேற்கே நெல் விளையும் வட்டைகள். வட்டையிலிருந்து மூடைகளும் வைக்கோலும் வருகின்றன. கரையிலிருந்து தோணி போகின்றது. வீடு கட்டுவோருக்கு மணலும் மரமும் கம்பியும் வந்து சேர்கின்றன. இவற்றிற் பெரும்பகுதியைச் சுமப்பது உழவு இயந்திரத்தின் பின்னே கொளுவிய பெட்டியாகும். இத்தனை பாரத்தையும் இயந்திரத்தோடு பிணைத்து வைத்திருப்பவை ஒரு துளையும் அதில் இறங்கும் ஓர் இரும்பு ஆணியுமே!

இந்த இணைப்பிலேதான் சிலர் கை வைக்கத் துணிகின்றனர். அதற்குக் காரணம் இல்லாமலில்லை. நமது கரையோர ஊர்களின் ஒழுங்கைகள் ஒடுக்கமானவை. மூலைக்கு மூலை மதில். அங்கே இயந்திரத்தை ஒடித்துத் திருப்பும்போது பெட்டியின் முன்மூலை பின்பக்கத்துப் பெரிய சக்கரத்தில் உரசுகின்றது. தோணியை ஏற்றினால் அதன் அணியம் சாரதியின் முதுகை நோக்கி நீள்கின்றது. கூரை மரமும் அப்படியே. "இரண்டடி நீட்டித் தாங்க காக்கா" என்று வேலைத்தளத்தில் ஒரு சொல் சொன்னால் போதும். ஒரு துண்டு இரும்பு, ஒரு மணி நேர வெல்டிங். இயந்திரத்தின் கொளுக்கி இரண்டடி பின்னுக்குப் போய்விடும். உரசல் தீர்ந்தது என்று மகிழ்ச்சியோடு வீடு திரும்புகின்றனர்.

உரசல் தீர்ந்தது உண்மையே. ஆனால் அந்த இரண்டடி வெறும் நீளமன்று. அது ஒரு நெம்புகோல்.

இதனை விளங்கிக்கொள்ளப் பெரிய நூல்களைப் புரட்ட வேண்டியதில்லை. மாட்டுக் கரத்தை ஓட்டிய நமது பாட்டன்மாருக்கு இது கைவந்த கலை. கரத்தையில் மூடை ஏற்றும்போது முன்னே கூடிவிட்டால் முன்பாரம். நுகம் மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்னே கூடிவிட்டால் பின்பாரம். துலா மேலெழுந்து மாட்டின் கழுத்துக் கயிற்றை இறுக்கும். ஆகவே ஏற்றி முடிந்ததும் துலாவைக் கையால் தூக்கிப் பார்ப்பார்கள். ஒரு மூடையை முன்னுக்கோ பின்னுக்கோ தள்ளுவார்கள். சிறிதளவு முன்பாரம் இருக்கும்படி விட்டு மாட்டைப் பூட்டுவார்கள். கிணற்றில் நீர் இறைக்கும் ஏற்றமரத்தையும் நம்மவர் துலா என்றே அழைத்தனர். இரண்டும் ஒரே நியதிக்கு அடங்கியவை என்பதை அந்தச் சொல்லே காட்டிக்கொடுக்கவில்லையா? காரைதீவிலே 1892 இல் பிறந்து, துறவு பூணுமுன் விஞ்ஞானம் கற்பித்த விபுலாநந்த அடிகள் இருந்திருந்தால், விசைத்திருப்பம் பற்றிய பாடத்தை இந்தத் துலாவிலிருந்தே தொடங்கியிருப்பார் என்று நான் எண்ணுவதுண்டு.

1949 இல் கல்லோயா அபிவிருத்திச் சபை அமைந்து, இங்கினியாகலையிலே பட்டிப்பளை ஆற்றை மறித்து அணை எழுந்தபின், இப்பகுதியின் வேளாண்மை பெருகியது; உழவு இயந்திரமும் பெருகியது. மாடு போனது. மாட்டோடு முன்பாரம், பின்பாரம் என்ற சொற்களும் மெல்ல மெல்ல நம் வாயிலிருந்து போய்விட்டன. மாட்டுக்குக் கழுத்து வலிக்கும்; அது நின்று காட்டும். இயந்திரமோ வலியைச் சொல்லாது.

மாணவர்கள் ஒரு தாளையும் எழுதுகோலையும் எடுத்துக்கொள்க. நடுத்தர உழவு இயந்திரம் ஒன்றின் நிறை 1400 கிலோகிராம் என வைத்துக்கொள்வோம். அதில் 550 கிலோ முன்சக்கரங்களிலும் 850 கிலோ பின்சக்கரங்களிலும் தங்குகின்றது. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 180 சென்ரிமீற்றர். பின் அச்சிலிருந்து கொளுக்கி வரை 60 சென்ரிமீற்றர். பெட்டியும் பாரமும் சேர்ந்து 3000 கிலோ. பாரத்தின் நடு, பெட்டியின் அச்சுக்கு 40 சென்ரிமீற்றர் முன்னே இருக்கின்றது. அந்த அச்சிலிருந்து துலாவின் நுனி 300 சென்ரிமீற்றர் தூரத்தில் உள்ளது. 3000 ஐ 40 ஆற் பெருக்கி 300 ஆற் பிரித்தால் 400 கிலோ வரும். இதுவே கொளுக்கியின்மேல் அமரும் முன்பாரம்.

இந்த 400 கிலோ பின் அச்சுக்குப் பின்னால் அமர்வதால், பின்சக்கரத்தைத் தாங்குபுள்ளியாகக் கொண்டு முன்சக்கரத்தைத் தூக்குகின்றது. எவ்வளவு? 400 ஐ 60 ஆற் பெருக்கி 180 ஆற் பிரித்தால் 133 கிலோ. முன்சக்கரத்தில் 417 கிலோ எஞ்சும். சுக்கானுக்கு அது போதும். இப்போது வேலைத்தளத்து இரண்டடியைச் சேருங்கள்: கொளுக்கி 120 சென்ரிமீற்றருக்குப் போய்விட்டது. தூக்கும் அளவு 267 கிலோவாக இரட்டிக்கின்றது. முன்சக்கரத்தில் எஞ்சுவது 283 கிலோ மாத்திரமே. இயந்திரத்தின் நிறையில் ஐந்திலொரு பங்காவது முன்சக்கரத்தில் இருந்தாலன்றிச் சுக்கான் சொற்கேளாது என்பது பொதுவாகக் கொள்ளப்படும் கணக்கு. 1400 இல் ஐந்திலொரு பங்கு 280. அதாவது, சமதரையில் நிற்கும்போதே நாம் விளிம்புக்கு வந்துவிட்டோம்.

வாய்க்கால் அணையின்மேல் ஏறும்போது என்னாகும்? பத்தடிக்கு ஓரடி உயரும் ஏற்றத்தில் 3000 கிலோ பெட்டியை இழுக்கக் குறைந்தது 300 கிலோ இழுவை வேண்டும். தரையிலிருந்து 45 சென்ரிமீற்றர் உயரத்திலுள்ள கொளுக்கியில் அந்த இழுவை பிடிப்பதால் இன்னும் 75 கிலோ முன்சக்கரத்தை விட்டுப் போகின்றது. சாரதி சுக்கானைத் திருப்புவார், சக்கரமும் திரும்பும், வண்டி மட்டும் நேரே வாய்க்காலை நோக்கிப் போகும்.

நீட்டத்தான் வேண்டும் என்றால் எங்கே நீட்டுவது? இயந்திரத்தின் வாலில் அன்று, பெட்டியின் துலாவில். அதே இரண்டடியைத் துலாவில் சேர்த்தால் அதன் நீளம் 360 சென்ரிமீற்றர் ஆகும். முன்பாரம் 400 இலிருந்து 333 கிலோவாகக் குறையும். கொளுக்கி பழைய இடத்திலேயே இருப்பதால் முன்சக்கரம் இழப்பது 111 கிலோவே. ஒரே இரும்பு, ஒரே இரண்டடி. ஓரிடத்தில் வைத்தால் 267, மற்றோரிடத்தில் வைத்தால் 111! பெட்டியின் மூலைக்கும் சக்கரத்துக்கும் இடையே வேண்டிய இடைவெளியோ இரண்டு வழியிலும் கிடைத்துவிடுகின்றது.

இதற்கும் விலை உண்டு. துலா பெட்டியோடு சேரும் அடிப்பக்கத்தில் வளைக்கும் விசை கூடும். முன்னர் 120 சென்ரிமீற்றர் வெளியே நீண்டிருந்த துலா இப்போது 180 நீண்டிருக்கின்றது. பாரம் குறைந்தபோதிலும் கணக்குப் பார்த்தால் வளைவு காற்பங்கு அதிகம். ஆகவே பழைய துலாவின் நுனியில் ஒரு துண்டை ஒட்டிவிடுவது வேலையாகாது. துலா முழுவதையும் பலமான புதிய இரும்பாலே செய்வித்தல் நன்று. இங்கே ஒரு நுட்பம்: சட்டத்தின் அகலத்தை இரட்டித்தால் பலம் இரட்டிக்கும், உயரத்தை இரட்டித்தாலோ பலம் நான்கு மடங்காகும். பலகையைப் படுக்கையாக வைத்து மிதிப்பதற்கும் குத்தாக நிறுத்தி மிதிப்பதற்கும் உள்ள வேறுபாடே இது. ஒட்டுக்கள் துலாவின் நீளத்தோடு ஓடவேண்டும். குறுக்கே வெட்டி ஓடும் ஒட்டு, குழியில் விழுந்தெழும் ஒவ்வொரு முறையும் சிறிது சிறிதாக விரியும். இயந்திரத்தோடு வந்த கொளுக்கிச் சட்டத்தில் வெல்டிங் நெருப்பை வைக்கவே கூடாது. அது பதமேற்றிய உருக்கு. சூடு பட்டால் பதம் கெடும்.

நீண்ட துலா ஒழுங்கை மூலையில் உட்பக்கமாகக் கூடுதலாகச் சரியும் என்பதையும் சாரதி நினைவிற் கொள்ளவேண்டும். மதில் மூலையைக் கடந்து சிறிது தூரம் போனபிறகே திருப்பவேண்டும். பழகப் பழக அது கைக்கு வந்துவிடும்.

கொளுக்கியின் உயரமும் நீளத்தைப் போலவே முக்கியம். 1917 இல் அமெரிக்காவில் வெளிவரத் தொடங்கிய போர்ட்ஸன் உழவு இயந்திரங்கள் மலிவானவை, உலகெங்கும் பரவின. ஆனால் பின்னே இழுத்த கலப்பை கல்லிலோ வேரிலோ சிக்கினால், இயந்திரம் முன்னங்கால் தூக்கிய குதிரை போல் எழுந்து, சாரதியின்மேலேயே மல்லாந்து விழுந்தது. பலர் மாண்டனர். அயர்லாந்தைச் சேர்ந்த ஹரி பெர்குசன் என்பார் இதற்கு மாற்றுத் தேடி, கலப்பையை மூன்று புள்ளிகளில் இயந்திரத்தோடு இணைக்கும் முறையை 1920களில் வகுத்தார். 1939 இல் ஹென்றி போர்ட்டுடன் சேர்ந்து அம்முறையிலமைந்த இயந்திரத்தை வெளியிட்டார். மாஸி பெர்குசன் என்று நமது வட்டைகளில் ஓடும் இயந்திரத்தின் பெயரிற் பாதி அவருடையதே. அந்த மூன்று புள்ளிகளில் மேலுள்ள புள்ளியிலே பெட்டியைக் கொளுவி இழுப்போரை இன்றும் காணலாம். பின் அச்சின் நடுவுக்கு மேலே கொளுவி இழுப்பது, பெர்குசன் தீர்த்துவைத்த ஆபத்தை மீண்டும் விலை கொடுத்து வாங்குவதாகும்.

சூடடிக்கும் இயந்திரம் போன்றவற்றைச் சுழல்தண்டு கொண்டு இயக்குவோருக்கு ஒரு தனி எச்சரிக்கை. நிமிடத்துக்கு 540 முறை சுழலும் தண்டின் முனையிலிருந்து கொளுக்கித் துளை வரை 14 அங்குலம் இருக்கவேண்டும் என்பது தயாரிப்பாளர்கள் உடன்பட்ட அளவு. கொளுக்கியைப் பின்னுக்குத் தள்ளினால், ஒன்றனுள் ஒன்று நுழையும் இருதுண்டுத் தண்டு திருப்பத்திலே கழன்று, சுழன்றபடியே வெளியே வீசும். அருகில் நிற்பவரின் சாரத்தையோ சேலையையோ அது பற்றினால் என்னாகும் என்பதை விரித்துரைக்க மனம் வரவில்லை.

சட்டம் என்ன சொல்கின்றது? இலங்கையில் 1951 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்க மோட்டார் போக்குவரத்துச் சட்டமே பல திருத்தங்களோடு நடைமுறையில் உள்ளது. உழவு இயந்திரத்தைப் போலவே பெட்டியும் தனியே பதிவு செய்யப்படும் வாகனம். அதற்கும் இலக்கத்தகடு உண்டு. பதிவேட்டிலுள்ள விவரம் மாறும்படி வாகனத்தை மாற்றினால் அதனை மோட்டார் போக்குவரத்து ஆணையாளர் நாயகத்துக்கு அறிவிப்பது உரிமையாளரின் கடமை. விபத்தொன்று நேர்ந்தபின் மோட்டார் வாகனப் பரிசோதகர் முதலில் குனிந்து பார்க்கும் இடங்களில் ஒன்று இந்தக் கொளுக்கி. காப்புறுதிக் கழகமும் அவரது அறிக்கையைப் படித்த பின்னரே பணப்பையைத் திறக்கும். ஆகவே வேலைக்கு முன்பே திணைக்களத்தில் விசாரித்து, இயந்திரத்தை விற்ற முகவரிடம் அதற்கு அனுமதித்த முன்பாரம் எவ்வளவு என்றும் கேட்டறிதல் வேண்டும்.

1968 ஆம் ஆண்டின் வியன்னா வீதிப் போக்குவரத்து உடன்படிக்கை இரண்டு விதிகளைச் சொல்கின்றது. தானாகப் பிடிக்கும் தடை இல்லாத பெட்டிக்கு, கொளுக்கி அறுந்தாலும் துலா தரையில் விழாதபடி சங்கிலி போன்ற இரண்டாவது பிணைப்பு இருக்கவேண்டும். முன்னோ பின்னோ ஒரு மீற்றருக்குமேல் நீளும் பாரத்துக்கு அடையாளம் கட்டவேண்டும். இரவிலே பின்புறம் சிவப்பு விளக்கு. இரண்டும் செலவு குறைந்தவை. சங்கிலியைத் துலாவின் கீழே குறுக்காக மாற்றிக் கட்டினால் அது தொட்டில் போல் நின்று விழும் துலாவை ஏந்தும்.

இத்தனையும் எதற்காக? பெட்டியில் நெல் மட்டும் வருவதில்லை. அறுவடை முடிந்து வட்டையிலிருந்து திரும்பும் கூலியாட்கள் மூடைகளின்மேல் அமர்ந்து வருகின்றனர். பெருந்தெருவில் பள்ளிச் சிறுவர் சைக்கிளில் அருகே ஓடுகின்றனர். நீட்டிய துலா இன்னொரு சபலத்தையும் உண்டாக்குகின்றது: இயந்திரத்துக்கும் பெட்டிக்கும் இடையே ஒரு பையன் நிற்கப் போதிய இடம். அங்கே ஏறி நிற்பவனைச் சாரதி காண்பதில்லை. கால் வழுக்கினால் அவன் விழுவது பெட்டிச் சக்கரத்தின் முன்னே. துலாவை நீட்டுவோர் அதன்மேல் கால் வைக்க முடியாதபடி சாய்வான தகடொன்றைப் பொருத்துவது நல்லது.

இருசக்கரக் கைஉழவு இயந்திரம் வைத்திருப்போருக்கு இந்த ஆராய்ச்சியே வேண்டியதில்லை. சாரதி பெட்டியின்மேல் அமர்ந்தே கைப்பிடியைப் பிடிப்பதால், துலாவை இரண்டடி நீட்டினால் கைப்பிடி எட்டாது. அவர்கள் நீண்ட மரத்தை ஏற்ற வேண்டியிருந்தால், அயலில் உள்ள பெரிய பெட்டியை ஒரு நாள் வாடகைக்குப் பிடிப்பதே மலிவு.