100 டாலர் ரைஃபிள்

2012இல் ஹூஸ்டனில் அக்கா வீட்டில் தங்கி வேலை பார்த்தேன். அமெரிக்கக் குடிமகனான அத்தான் ஒருநாள் 100 டாலருக்கு ரஷ்ய ரைஃபிள் ஒன்றை வாங்கி வந்தார். மோசின்-நகான்ட், 1943இல் இஷெவ்ஸ்க் ஆலையில் செய்தது. துப்பாக்கி என்றாலே தூக்குக்கயிறு ஞாபகம் வரும் மலேசியன் நான். தொடவே கை கூசியது.

மேலெல்லாம் காஸ்மோலின் என்ற பிசுபிசுப்பான மசகு. கட்டையைக் கறுப்புப் பையில் சுற்றி வெயிலில் போட்டோம். வழிய வழியத் துடைத்தோம். இரண்டு வாரம் போயிற்று. முதல் நாள் சுட்டுவிட்டுக் குழாயைக் கழுவ மறந்ததுதான் தப்பு. பழைய சோவியத் தோட்டா உள்ளே உப்பை விட்டுச் செல்லும். வெந்நீர் ஊற்றினால் போகும். ஹூஸ்டன் புழுக்கத்தில் மறுவாரமே துரு! அத்தான் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பிரஷ் போட்டுத் தேய்த்து ஓரளவு மீட்டோம்.

அக்காவுக்கு ஒரே நிபந்தனை. வீட்டில் பிள்ளைகள், போல்ட்டைக் கழற்றித் தன்னிடம் தர வேண்டும். இன்றும் அது அவர் புடவை அலமாரியில், பூட்டுக்குள்.