கடலிலிருந்து எழுந்த எச்சரிக்கை
ஜப்பானை நடுங்க வைத்த காட்ஸில்லாவின் கதை

ரெயில் வண்டியைப் பொம்மை போலக் கவ்வித் தூக்கும் ராட்சத மிருகம். அது மூச்சு விட்டால் நகரமே தீப்பற்றி எரியும். பீரங்கியும் குண்டும் அதை ஒன்றும் செய்வதில்லை.

இதுதான் காட்ஸில்லா. ஜப்பானியர்கள் வைத்த பெயர் "கோஜிரா". கொரில்லாவையும், திமிங்கலத்தைக் குறிக்கும் "குஜிரா" என்ற சொல்லையும் சேர்த்து உண்டாக்கிய பெயர் அது.

டோஹோ நிறுவனத்தின் தயாரிப்பாளர் டொமோயுகி தனாகா, இந்தோனேசியாவுடன் கூட்டாக ஒரு படம் எடுக்கத் திட்டமிட்டிருந்தார். அது கைகூடவில்லை. விமானத்தில் திரும்பும்போது கீழே தெரிந்த கடலைப் பார்த்துக்கொண்டு வந்தார். "இதற்குள்ளிருந்து ஒரு மிருகம் எழுந்து வந்தால்?" என்ற எண்ணம் பிறந்தது. படம் 1954-ம் ஆண்டு நவம்பர் 3-ந் தேதி ஜப்பானில் திரைக்கு வந்தது.

சாம்பல் மழை

அந்த எண்ணம் வெறும் கற்பனை அல்ல. அதே ஆண்டு மார்ச் 1-ந் தேதி பிகினி தீவில் அமெரிக்கா ஹைட்ரஜன் குண்டைச் சோதித்தது. ஹிரோஷிமா குண்டைப் போல் சுமார் ஆயிரம் மடங்கு சக்தி கொண்டது அது.

அபாய எல்லைக்கு வெளியே மீன் பிடித்துக் கொண்டிருந்த ஜப்பானியப் படகு ஒன்றின் மீது வெள்ளைச் சாம்பல் மழையாகப் பொழிந்தது. படகில் இருந்த 23 பேரும் கதிரியக்கத்தால் பாதிக்கப்பட்டனர். ரேடியோ ஆபரேட்டர் குபோயாமா செப்டம்பர் 23-ந் தேதி இறந்தார். அதன்பின் 41-வது நாள் படம் வெளியாயிற்று!

படத்தின் முதல் காட்சியே, கடலில் பளீரென ஓர் ஒளி தோன்றி ஒரு கப்பல் அழிவதுதான். கொட்டகையில் இருந்தவர்களுக்கு அதன் பொருளை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

டைரக்டர் இஷிரோ ஹோண்டா போர்வீரராக இருந்தவர். சீனாவிலிருந்து ஊர் திரும்பும் வழியில் ஹிரோஷிமாவின் அழிவை நேரில் கண்டவர். படத்தில் வரும் ஆஸ்பத்திரிக் காட்சிகளில் அந்த வேதனை தெரிகிறது.

ரப்பருக்குள் மனிதன்

தந்திரக் காட்சி நிபுணர் எய்ஜி சுபுராயா, "கிங்காங்" படத்தைப் போலப் பொம்மையை அங்குலம் அங்குலமாக நகர்த்திப் படமாக்கவே விரும்பினார். ஆனால் அதற்குப் பல ஆண்டுகள் பிடிக்கும். எனவே ரப்பர் உடைக்குள் ஒரு மனிதரையே இறக்கினார்கள்.

அவர்தான் ஹாருவோ நகாஜிமா. முதல் உடையின் எடை ஏறக்குறைய 100 கிலோ. விளக்குகளின் வெப்பத்தில் உள்ளே வியர்வை ஆறாக ஓடும். கேமராவை வேகமாக ஓட்டிப் படம் பிடித்ததால், திரையில் அவர் நடை மலை அசைவது போல் தெரிந்தது.

அந்த உறுமல்? இசையமைப்பாளர் அகிரா இஃபுகுபே, தோல் கையுறையால் பெரிய பிடில் போன்ற டபுள் பாஸ் வாத்தியத்தின் தந்திகளைத் தேய்த்து உண்டாக்கிய ஒலி!

விஞ்ஞானியின் தவிப்பு

மிருகத்தை விட நெஞ்சில் நிற்பவர் செரிசாவா என்ற இளம் விஞ்ஞானி. நீரிலுள்ள பிராணவாயுவை அழித்து உயிர்களைக் கொல்லும் சாதனத்தை அவர் கண்டுபிடித்திருக்கிறார். அது வெளியே தெரிந்தால் அணுகுண்டைப் போல இன்னோர் ஆயுதமாகிவிடும் என்று அஞ்சுகிறார். ஊரோ எரிகிறது. என்ன செய்வது?

முடிவில் குறிப்புகளையெல்லாம் தீயில் போடுகிறார். கடலில் இறங்கி மிருகத்தை அழிக்கிறார். ரகசியம் தன்னோடு போகட்டும் என்று, மேலே வரும் கயிற்றைத் தானே அறுத்துக்கொள்கிறார்.

ஆனாலும் படம் வெற்றி முழக்கத்துடன் முடிவதில்லை. அணுகுண்டுச் சோதனை தொடர்ந்தால் இன்னொரு காட்ஸில்லா தோன்றலாம் என்று முதிய விஞ்ஞானி யமானே கவலைப்படுகிறார்.

1956-ல் அமெரிக்காவில் வெளியிட்டபோது, ரேமண்ட் பர் என்ற நடிகரைச் சேர்த்து, பல காட்சிகளை வெட்டினார்கள். அந்த எச்சரிக்கையும் வெட்டுப்பட்டது! பிந்திய படங்களில் காட்ஸில்லா குழந்தைகளின் நண்பனாகவும் மாறிற்று.

2023-ல் வந்த "காட்ஸில்லா மைனஸ் ஒன்" மீண்டும் போர்க்காலத் துயரத்துக்கே திரும்பியது. தந்திரக் காட்சிகளுக்காக ஆஸ்கார் பரிசும் பெற்றது.

இன்றைய கண்ணுக்கு 1954 படத்தின் ரப்பர் உடை சிரிப்பை மூட்டலாம். ஆனால் அணு ஆயுதங்கள் இன்னும் ஆயிரக்கணக்கில் குவிந்து கிடக்கின்றன. யமானேயின் கவலையைக் கேட்டுச் சிரிக்க முடியுமா?