உறையின் வசீகரமும் உள்ளிருக்கும் நஞ்சும்

மொனராகலை மாவட்டத்தில் புகையிலை பயிரிடும் குடும்பங்கள், அந்த இலையை அதன் சொந்த உருவத்தில் அறிந்தவை. பறிக்கும் கையில் ஒட்டிக் கறுக்கும் பிசினையும், ஈர இலையோடு நெடுநேரம் உழைத்தவருக்கு வரும் தலைசுற்றலையும் குமட்டலையும் அவர்களுக்கு எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. இத்தனை கசப்பும் காட்டமும் உள்ள ஓர் இலையை, உழைத்துச் சம்பாதித்த காசைக் கொடுத்து மனிதன் விரும்பி வாங்கவேண்டுமானால், இலைக்கு இயல்பில் இல்லாத கௌரவத்தையும் கவர்ச்சியையும் அதன்மேல் ஏற்றிவைக்க வேறொன்று தேவைப்படுகிறது. அந்த வேறொன்றே உறை.

உறையின் சக்தி நமது ஊவா மாகாணத்தின் தோட்டங்களுக்குப் புதிதன்று. 1890ஆம் ஆண்டில் அப்புத்தளைக்கு அண்மையிலுள்ள தம்பேதன்னைத் தோட்டத்தை வாங்கிய தோமஸ் லிப்டன், அதுவரை பெரும்பாலும் மளிகைக் கடைகளில் பெட்டியிலிருந்து அள்ளி நிறுத்து விற்கப்பட்ட தேயிலையை, இறாத்தல், அரை இறாத்தல், கால் இறாத்தல் என்று பொட்டலமாக்கி, அவற்றின்மேல் தம் பெயரையும் கொழுந்து பறிக்கும் பெண்ணின் சித்திரத்தையும் பதித்து, உலகச் சந்தையையே தம்வசப்படுத்தினார். தேயிலைப் பொட்டலம் உள்ளிருக்கும் கொழுந்தின் மணத்தைக் காத்தது. புகையிலைப் பொட்டலமோ உள்ளிருக்கும் தீங்கை மறைக்கிறது. கலை ஒன்றே, பயன்தான் வேறு.

சுங்கான் புகையிலையும் தகர டப்பாவும்

உறையிடும் இக்கலை முழு அழகோடு வளர்ந்தது, சுங்கான் என்னும் புகைக்குழாயில் இட்டுப் பிடிக்கும் புகையிலையின் டப்பாவில்தான். சுங்கானுக்குரிய இலை ஈரப்பதம் குன்றாமல் இருக்கவேண்டும் என்ற நியாயமான காரணத்துக்காகத் தோன்றிய காற்றுப்புகாத தகர டப்பா, விரைவிலேயே வியாபாரியின் சித்திரப் பலகையாக மாறிற்று. இங்கிலாந்தின் ஜோன் பிளேயர் நிறுவனம் 1883ஆம் ஆண்டில் தாடி வைத்த கடற்படை மாலுமியின் முகத்தைத் தன் வணிகச் சின்னமாகப் பதிவுசெய்தது. வில்ஸ் நிறுவனம் கப்பலின் நங்கூரச் சங்கிலியை இழுக்கும் கப்ஸ்டன் பொறியின் பெயரையே தன் புகையிலைக்குச் சூட்டியது. அமெரிக்காவில் 1907ஆம் ஆண்டில் வெளிவந்த பிரின்ஸ் அல்பர்ட் புகையிலையின் சிவப்புத் தகரம், ஏழாம் எட்வர்ட் மன்னரின் இளவரசப் பருவத்து உருவத்தைத் தாங்கி நின்றது. வாங்கியவன் புகையிலையோடு மாலுமியின் துணிவையும் அரச குலத்தின் பெருமிதத்தையும் சேர்த்து வாங்கியதாகவே எண்ணிக்கொண்டான்.

ஐம்பது கிராம் டப்பா ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தால் அதன் தந்திரம் விளங்கும். மூடியின் விளிம்பில் ஒரு நாணயத்தைச் செருகித் திருப்பியவுடன், அடைபட்ட டப்பாவுக்குள் 'உஸ்' என்று காற்றுப் புகுகிறது. மடித்து வைத்த வெள்ளைக் காகிதத்தை விலக்கியதும் வனிலாவோ செர்ரிப் பழமோ கமழ்கிறது. கண், கை, செவி, நாசி ஆகிய யாவும் மகிழ்ந்த பின்னரே தீக்குச்சி உரசப்படுகிறது. புகையிலை தீர்ந்த பிறகும் அந்த டப்பா எறியப்படுவதில்லை. ஊசி நூலுக்கும் சில்லறைக் காசுக்கும் பெட்டியாகி, வீட்டு அலுமாரித் தட்டில் பல்லாண்டுகள் இருந்துகொண்டு, நிறுவனத்தின் பெயரைப் பிள்ளைகளின் கண்ணுக்குப் பழக்கிவிடுகிறது. சுங்கான் அருகிவிட்ட போதிலும் அந்தப் பெயர்கள் மறையவில்லை. ஜோன் பிளேயர் என்ற பெயரும் கப்ஸ்டன் என்ற பெயரும் சிகரெட் பெட்டிக்கு இடம்மாறி இலங்கைக் கடைகளுக்கு வந்து சேர்ந்தன.

நிறம் சொல்லும் பொய்

பொருளைப் பற்றிய மதிப்பை அதன் உறையிலிருந்தே மனம் எடுத்துக்கொள்கிறது என்பதை, சென்ற நூற்றாண்டின் முற்பகுதியிலேயே லூயி செஸ்கின் என்ற சந்தை ஆய்வாளர் எடுத்துக்காட்டினார். இதை நன்கறிந்த புகையிலைக் கம்பனிகள், வெளிர் நீலமும் வெள்ளையும் பூசிய பெட்டியில் 'லைட்' என்றும் 'மைல்ட்' என்றும் அச்சிட்டு, தீங்கு குறைந்த சிகரெட்டும் உண்டு என்னும் மயக்கத்தைப் பரப்பின. உண்மையில், அத்தகைய சிகரெட்டைப் பிடிப்பவர் தமக்குப் பழக்கமான நிக்கொட்டினைப் பெறுவதற்காக இன்னும் ஆழமாக இழுக்கிறார். ஆகவே தீங்கு குறைவதில்லை. இவ்விதம் மக்களை ஏமாற்றியதாக அமெரிக்கக் கம்பனிகள்மீது 2006ஆம் ஆண்டில் நீதிபதி கிளாடிஸ் கெஸ்லர் தீர்ப்பளித்தார்.

உடலில் நேர்வது என்ன?

சுங்கான் பிடிப்பவர்களின் உதட்டில் புற்றுநோய் தோன்றுவதை ஜேர்மானிய வைத்தியர் சோமரிங் 1795ஆம் ஆண்டிலேயே குறித்துவைத்தார். "நான் புகையை நெஞ்சுக்குள் இழுப்பதில்லை" என்று சுங்கான்காரர் சமாதானம் கூறுவதுண்டு. ஆயின் சுங்கான் புகை காரத்தன்மை உடையதாதலால், நிக்கொட்டின் வாயின் மென்தோல் வழியாகவே இரத்தத்தில் கலந்துவிடுகிறது. உதடு, நாக்கு, தொண்டை, உணவுக்குழாய், நுரையீரல் ஆகியவை யாவும் புற்றுநோயின் அபாயத்துக்கு உள்ளாகின்றன.

தோட்டங்களில் வேரூன்றிய வெற்றிலைப் பழக்கத்திலும் இந்த அபாயம் உண்டு. புகையிலை சேர்த்த வெற்றிலைக் கூறு புற்றுநோயை உண்டாக்கும் என்று 1985ஆம் ஆண்டிலும், புகையிலை சேராத பாக்கும் அவ்வாறே என்று 2004ஆம் ஆண்டிலும் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் முடிவு கூறியது. இலங்கை ஆண்களைத் தாக்கும் புற்றுநோய்களில் வாய்ப்புற்றுநோய் முன்வரிசையில் நிற்கிறது.

சட்டம் உறையைத் திருத்திய வரலாறு

உலக சுகாதார நிறுவனத்தின் புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையை 2003ஆம் ஆண்டிலேயே ஏற்ற இலங்கை, 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் புகையிலை விளம்பரத்தைத் தடைசெய்து, 21 வயதுக்குட்பட்டோருக்கு விற்பதையும் குற்றமாக்கியது. விளம்பரப் பலகைகள் மறைந்தபின் கம்பனிக்கு எஞ்சியிருந்த ஒரே விளம்பரம் பெட்டிதான். அதனாலேயே, பெட்டியின் 80 சதவீதப் பரப்பில் நோயின் படத்தை அச்சிடவேண்டும் என்ற 2012ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகளை எதிர்த்து இலங்கைப் புகையிலைக் கம்பனி நீதிமன்றம் சென்றது. மேன்முறையீட்டு நீதிமன்றம் 2014ஆம் ஆண்டில் அப்பரப்பை 50 முதல் 60 சதவீதமாகக் குறைத்தபோதிலும், பாராளுமன்றம் 2015ஆம் ஆண்டில் சட்டத்தையே திருத்தி 80 சதவீதத்தை நிலைநிறுத்தியது. பெட்டியின் மேற்பரப்புக்காக ஒரு கம்பனி இவ்வளவு போராடியதே, விற்பனையில் உறைக்குள்ள பங்குக்குச் சாட்சியாகும்.

அவுஸ்திரேலியா இன்னும் ஒரு படி மேலே சென்றது. 2012 டிசம்பர் 1 முதல் அங்கே சுங்கான் புகையிலை உட்பட எல்லாப் புகையிலைப் பொருள்களும் நிறுவனச் சின்னமும் கவர்ச்சிச் சித்திரமும் இன்றி, மங்கிய பழுப்புநிற உறையில் மட்டுமே விற்கப்படுகின்றன. பிரிட்டனோ 2016ஆம் ஆண்டில் சிகரெட்டுக்கும் சுருட்டிப் புகைக்கும் தூளுக்கும் அவ்விதியைக் கொண்டுவந்து, சுங்கான் புகையிலைக்கு விலக்களித்துவிட்டது. நஞ்சில் பேதமில்லாதபோது உறையில் பேதம் காட்டுவது நீதியாகாது.

தோட்டத்துக் கடையில்

இங்கேதான் நமது பகுதிக்குரிய விசேஷமான இடர் ஒன்று குறுக்கிடுகிறது. பசறையிலும் லுணுகலையிலும் உள்ள லயத்துக் கடைகளில் சிகரெட்டை முழுப் பெட்டியாக வாங்குவோர் மிகச் சிலர்; நாட்சம்பளக்காரர் ஒன்றோ இரண்டோ தனியாகத்தான் கேட்டு வாங்குகிறார். பாராளுமன்றம் போராடி நிலைநிறுத்திய அந்த எச்சரிக்கைப் படம் கடைக்காரரின் மேசைக்குள்ளேயே கிடக்க, வெள்ளைச் சிகரெட் மட்டும் வாங்குபவரின் கைக்கு வருகிறது. எழுத்தறியாத பாட்டனுக்கும் விளங்கும்படி வரைந்த படம், அவர் கண்ணில் படாமலேயே போய்விடுகிறது.

மறுபுறத்தில், பாபுல் போன்ற மெல்லும் கலவைகள் மிட்டாய்ப் பொட்டலங்களுக்கு நடுவே, அவற்றைப் போலவே மினுமினுக்கும் சின்னஞ்சிறு பைகளில், சிறுவனின் சில்லறைக் காசுக்கும் எட்டும் விலையில் தொங்கின. புகையிலை கலந்த மெல்லும் கலவைகளை 2016 செப்டம்பரில் அரசு தடைசெய்தது. ஆகவே, அத்தகைய பையை எந்தக் கடையிலேனும் கண்டால் அது சட்டவிரோதமான சரக்கு என்பதை ஒவ்வொரு பெற்றோரும் அறிந்திருக்க வேண்டும்.

நாம் செய்யத்தக்கவை

தகப்பன்மாரே, சிகரெட் வாங்கக் கடைக்குப் பிள்ளையை ஒருபோதும் அனுப்பாதீர்கள். வெற்றுப் பெட்டிகளையும் டப்பாக்களையும் விளையாட்டுப் பொருளாகக் கொடுக்காதீர்கள். கடை நடத்தும் அண்ணன்மாரே, தனிச் சிகரெட் விற்பதை நிறுத்துங்கள். பெட்டிகளைப் பிள்ளைகளின் கண்மட்டத்தில் அடுக்காதீர்கள். ஆசிரியர்களே, உறையின் சித்திரம் எவ்வாறு மனத்தை இழுக்கிறது என்பதை வகுப்பில் விளக்கிச் சொல்லுங்கள். ஏமாற்றும் விதத்தை அறிந்த பிள்ளை எளிதில் ஏமாறாது.

வாயில் வெள்ளைப் படலமோ சிவப்புத் தடிப்போ தோன்றினாலும், மூன்று வாரமாகியும் புண் ஆறாவிட்டாலும், வாய் முழுதாகத் திறக்க மறுத்தாலும், பதுளைப் பெரிய ஆஸ்பத்திரிக்கோ மொனராகலை மாவட்ட வைத்தியசாலைக்கோ உடனே சென்று பல் வைத்தியரிடம் காட்டுங்கள். தொடக்கத்தில் கண்டறியப்பட்டால் வாய்ப்புற்றுநோயைக் குணப்படுத்தும் வாய்ப்பு மிக அதிகம். பழக்கத்தை விட விரும்புவோர் 1948 என்ற இலக்கத்துக்கு அழைத்து ஆலோசனை பெறலாம். உறையைப் பார்த்து வாங்கும் ஒவ்வொரு முறையும் உள்ளிருக்கும் இலையை நினையுங்கள். நினைத்த பின்னும் வாங்கத்தான் வேண்டுமா என்று உங்கள் விவேகத்தையே கேட்டுக்கொள்ளுங்கள்.