பி.எஃப். பணத்தில் பிடித்த வரியைத் திரும்பப் பெறலாம்



சிவகாசிப் பக்கம் பட்டாசு ஆலையில் நான்கு வருடம் வேலை பார்த்த நம் சகோதரர் ஒருவர், வேலையை விட்டதும் பி.எஃப். பணத்தை எடுத்தார். கணக்கில் இருந்தது 1 லட்சம். கைக்கு வந்தது 90,000. கமிஷன் அடித்துவிட்டார் என்று, விண்ணப்பம் போட்டுக்கொடுத்த கம்ப்யூட்டர் கடைக்காரரிடம் சண்டைக்கே போய்விட்டார். கடைக்காரர் மேல் தப்பில்லை. அந்த 10,000 வருமான வரித் துறைக்குப் போன டி.டி.எஸ்.

ஐந்து வருடத் தொடர் பணி முடியும் முன் பி.எஃப். எடுத்தால், தொகை 50,000 ரூபாயோ அதற்கு மேலோ இருந்தால், வருமான வரிச் சட்டத்தின்படி 10 சதவீதம் பிடிப்பார்கள். பான் எண் கொடுக்காதவருக்கு 20 சதவீதம்.

மாதம் 12,000 ரூபாய் கூலிக்காரருக்கு வருமான வரியே வராது. ஆனாலும் பிடித்த பணம் தானாகத் திரும்பி வராது. ரிட்டர்ன் தாக்கல் செய்தால்தான் வரும். 2024-25 நிதியாண்டுக்குக் கடைசி நாள் 2025 செப்டம்பர் 16 ஆக இருந்தது. தவறியவர்கள் 2025 டிசம்பர் 31 வரை தாமத ரிட்டர்ன் போட முடிந்தது. முதலில் வரிப் பிடித்த விவர அறிக்கையில் அந்த 10,000 உங்கள் பான் எண்ணில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள்.

ரிட்டர்னில் முழுத் தொகையையும் ஒரே இடத்தில் எழுதக் கூடாது. முதலாளியின் பங்கும் அதன் வட்டியும் சம்பளத் தலைப்பில் வரும். உங்கள் பங்குக்கான வட்டி பிற வருமானத்தில் வரும். உங்கள் பங்குக்கு முன்பு 80சி சலுகை வாங்கவில்லை என்றால் அதற்கு வரி இல்லை. (வட்டியை எடுக்கலாமா என்ற மார்க்கக் கேள்வியை உலமாக்களிடம் கேளுங்கள். அதை தர்மமாகக் கொடுத்துவிட்டாலும் ரிட்டர்னில் காட்டத்தான் வேண்டும்.)

நம் ஊருக்கு மிக முக்கியமானது ஒன்று இருக்கிறது. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பேரியம் கலந்த பட்டாசுகளைத் தடை செய்த பின் ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக்கிடந்ததை மறந்திருக்க மாட்டோம். ஆலை மூடியதாலோ, தொழில் சுருங்கியதாலோ, உடல்நலக் குறைவாலோ வேலை போயிருந்தால், ஐந்து வருடம் ஆகாவிட்டாலும் அந்தப் பணத்துக்கு வரி கிடையாது. ஆனால் ஆலை நிர்வாகம் விலகல் காரணத்தை எப்படிப் பதிந்திருக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். அவராகவே நின்றுவிட்டார் என்று இருந்தால் சலுகை கேட்பது சிரமம். கணக்கு முடிக்கும்போதே காரணத்தைக் கடிதமாக எழுதி வாங்கிவிடுங்கள். ஆறு மாதம் கழித்துப் போனால் மேனேஜரே மாறியிருப்பார்.

ஓர் ஆலையில் நின்று அடுத்த ஆலையில் சேருபவர்கள் பழைய கணக்கை மூடிப் பணம் எடுக்காதீர்கள். ஒரே யு.ஏ.என். எண்ணில் புதிய கணக்குக்கு மாற்றினால், பழைய வருடங்களும் ஐந்து வருடக் கணக்கில் சேரும்.

கட்டாயம் எடுத்தே ஆக வேண்டும் என்றால், அந்த வருடம் வரி கட்ட வேண்டிய வருமானம் இல்லாதவர்கள் விண்ணப்பத்துடனேயே அதற்கான உறுதிமொழிப் படிவம் கொடுக்கலாம்.  கொடுத்தால் வரி பிடிக்க மாட்டார்கள். வருமானத்தை மறைத்து அதில் கையெழுத்துப் போட்டால் அது குற்றம்.

ரிட்டர்ன் போடத் தெரியாதவர்கள் பான் அட்டை, ஆதார், வங்கிப் பாஸ்புக், பி.எஃப். பாஸ்புக் நகல் ஆகியவற்றுடன் நம் அறக்கட்டளை அலுவலகத்துக்கு வாருங்கள். ஆதாரில் இணைத்த கைப்பேசியும் கையில் இருக்கட்டும், ஓ.டி.பி. அதில்தான் வரும்.