பழவேற்காட்டில் கோட்டையைத் தேடிப் போகும் முன்

காட்டுப்பள்ளிக்கு ஐ.வி. போனவங்க எல்லாரும் துறைமுகத்து கிரேனை அண்ணாந்து பார்த்துட்டு அப்படியே பஸ் ஏறிடறீங்க. அதே கடலோரத்தில் கொஞ்சம் வடக்கே, பழவேற்காட்டில், ஒரு கோட்டை இருந்தது தெரியுமா?

பெயர் கெல்ட்ரியா. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1613-ல் கட்டியது. முந்தின வருஷம்தான் சாந்தோமிலிருந்து வந்த போர்த்துக்கீசியர்கள் அவர்களுடைய பண்டகசாலையைத் தாக்கியிருந்தார்கள். ஆங்கிலேயர் சென்னைக்கு வர அப்போது இன்னும் கால் நூற்றாண்டு பாக்கி!

செஞ்சி, வேலூர் மாதிரி மதில்களை எதிர்பார்த்துப் போனா ஏமாந்துடுவீங்க. டிக்கெட் கவுண்டர் கிடையாது, காட்சிக்கூடம் கிடையாது. முள்ளுப்புதருக்கு நடுவில் அகழியின் தடமும் செங்கல் எச்சங்களும்தான். அதனால என் யோசனை, முதல்ல செயின்ட் ஜார்ஜ் கோட்டை மியூசியத்தைப் பார்த்துட்டு வாங்க. 1795-ல் கட்டி முடித்த கட்டடத்தில் 1948 முதல் இயங்குது. வாள், துப்பாக்கி, நாணயம், பீங்கான் எல்லாம் இருக்கு. வெளியே வந்ததும் மதிலைக் கவனிங்க. செஞ்சியில் மலையே பாதி மதில். சமதரையில் பீரங்கியைச் சமாளிக்க உயரம் உதவாது, தடிமன்தான் உதவும். மூலையில் துருத்திக்கொண்டிருக்கும் கொத்தளம் எதுக்கு? நேர் மதிலின் அடியில் ஒட்டி நிற்கும் எதிரியை மேலே இருந்து சுட முடியாது. பக்கத்துக் கொத்தளத்திலிருந்து முடியும். சிவில் பசங்களுக்கு இது ஒரு நல்ல ஜியாமெட்ரி கணக்கு. கெல்ட்ரியாவும் மூலைக்கு ஒரு கொத்தளம் வச்ச சதுரக் கோட்டைதான். இதைப் பார்த்த கண்ணோட போனா, அந்தப் புதருக்குள்ளும் ஒரு வடிவம் தெரியும்.

இங்கே கோட்டை எதற்கு? துணிக்காக. பழவேற்காடு வழியா போன துணி கிழக்கே அவ்வளவு பிரபலம். மலேசியாவில் கட்டம் போட்ட லுங்கிக்கு இன்னைக்கும் 'காயின் பெலிக்காட்'னுதான் பேர். பெலிக்காட் என்பது நம்ம பழவேற்காடேதான். பெரிய கப்பல்கள் ஏரிக்குள் வர முடியாது, முகத்துவாரத்தில் மணல்திட்டு. கடலிலேயே நங்கூரம் போட்டு, சின்னப் படகில் சரக்கு ஏற்றுவார்கள். காட்டுப்பள்ளியில் அலைத்தடுப்புச் சுவர் எதற்குன்னு இப்போ புரியுதா?

துணி மட்டும் போகவில்லை. 17-ஆம் நூற்றாண்டில் பஞ்சத்திலும் போரிலும் சிக்கிய ஆயிரக்கணக்கானவர்களை அடிமைகளாக வாங்கி, இந்தக் கரையிலிருந்து படேவியாவுக்கு (இன்றைய ஜகார்த்தா) ஏற்றினார்கள். பல சுற்றுலாக் குறிப்புகள் இதைச் சொல்லாமல் ஏரியையும் ஃப்ளமிங்கோவையும் மட்டும் காட்டுவது எனக்குப் பிடிக்கலை.

தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கும் டச்சுக் கல்லறைத் தோட்டத்துக்குக் கட்டாயம் போங்க. வாசலின் இரண்டு பக்கமும் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் நிற்கும். உள்ளே டச்சு மொழி எழுத்தும் குலச்சின்னமும் செதுக்கிய பலகைக் கற்கள். கம்பெனிக்காரர்களின் பெயரும் தேதியும் முந்நூறு வருஷம் தாண்டியும் படிக்க முடியுது. கப்பலில் ஏற்றப்பட்டவர்களின் பெயரை அங்கே தேடிப் பார்த்தேன், ஒன்றுகூட இல்லை.

போறதுக்கு: கும்மிடிப்பூண்டி லோக்கலில் பொன்னேரி, அங்கிருந்து பஸ். வெள்ளிக்கிழமை மியூசியம் லீவு, மறந்துடாதீங்க. பழவேற்காட்டில் இறங்கும்போதே கண்டக்டர் அண்ணாகிட்ட கடைசி பஸ் எத்தனை மணிக்குன்னு கேட்டு வச்சுக்கோங்க.