பாரிசில் ஒரு பக்கத்துத் தெருச் சாப்பாடு

"பாரிசுக்குப் போய் வந்தாயே, என்ன சாப்பிட்டாய்?"

பாயான் பாரு சந்தையில் மீன் வாங்கப் போன இடத்தில் என்னை நிறுத்தி இப்படிக் கேட்காதவர்கள் குறைவு. பிரெஞ்சுக் கடையில் உட்கார்ந்து வயிறாரச் சாப்பிட்டேன் என்று சொன்னால் போதும், அடுத்த கேள்வி தயாராக இருக்கும்: "எத்தனை நூறு வெள்ளி?"

அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. பிரெஞ்சுச் சாப்பாடு என்றதும் நமக்குப் பெரிய ஓட்டலும், வெள்ளை விரிப்பும், எதை முதலில் எடுப்பது என்று தெரியாமல் விழிக்க வைக்கும் முள்ளும் கரண்டியும்தான் நினைவுக்கு வருகின்றன. நானும் அப்படி எண்ணிக்கொண்டுதான் விமானம் ஏறினேன்.

பாரிசில் எனக்குத் தம்பி முறையில் ஒருவன் இருக்கிறான். எங்கள் தாத்தா யாழ்ப்பாணத்திலிருந்து ரயில்வே வேலைக்காக மலாயா வந்தவர். ஊரிலேயே தங்கிவிட்ட அவருடைய தம்பியின் பேரன் இவன். 1989-இல் அகதியாகப் போய்ச் சேர்ந்தவன், முதலில் ஓர் உணவகத்தில் தட்டுக் கழுவினான். பிறகு காய் நறுக்கினான். இப்போது அடுப்படிக்கு அவன்தான் பொறுப்பு. லா சப்பெல் வட்டாரத்துத் தமிழ்க் கடைகளில் நின்று பேச்சுக் கொடுத்தால், அவனைப் போல் குசினியில் காலந்தள்ளிய இலங்கைத் தமிழர் பலரைப் பார்க்கலாம். 2023-ஆம் ஆண்டு பாரிசின் மிகச் சிறந்த பகெத் ரொட்டிக்கான பரிசை வாங்கிய தர்ஷன் செல்வராஜாவும் இலங்கையிலிருந்து போன தமிழர்தான். அந்தப் பரிசோடு ஓராண்டுக்கு அதிபர் மாளிகைக்கே ரொட்டி கொடுக்கும் உரிமையும் சேர்ந்து வருகிறது.

ஒரு திங்கட்கிழமை தம்பிக்கு ஓய்வு. அவன் வீட்டுத் தெருமுனையில் பத்துப் பன்னிரண்டு மேசை போட்ட சிறிய உணவகம் ஒன்று. வாசலில் கரும்பலகை, அதில் சுண்ணாம்புக்கட்டியால் அன்றைய பட்டியல். நான் நின்று பார்த்தேன். 17 யூரோவுக்கு இரண்டு வகை. நம் காசுக்குச் சுமார் எண்பது வெள்ளி. நமக்கு அதிகம்தான். ஆனால் அங்கே சட்டப்படி குறைந்தபட்சச் சம்பளமே, பிடித்தம் போவதற்கு முன், மணிக்குச் சுமார் 12 யூரோ. ஒன்றரை மணி நேர உழைப்பில் ஒரு வேளை விருந்து என்று வைத்துக்கொள்ளுங்கள். போதாததற்குப் பல முதலாளிகள் சாப்பாட்டுச் சீட்டு வேறு கொடுக்கிறார்கள். அதில் பாதிக்குக் குறையாத பங்கு அவர்களுடையது.

"இது எப்படி இருக்கும்?" என்று கேட்டேன்.

"தெரியாது அக்கா. நான் உள்ளுக்குப் போனதில்லை."

"இந்தத் தெருவில் இத்தனை காலம் இருந்துமா?"

"முப்பத்தைஞ்சு வருசமாச் சமைக்கிறன். பின்கதவாலதான் போய் வந்தனான். கதிரையில இருந்து ஒரு நாளும் சாப்பிடேல்லை."

சற்றுமுன் தயங்கி நின்றவள் நான். இதைக் கேட்டதும் எனக்கு என்னவோ செய்தது. கதவைத் தள்ளிக்கொண்டு நானே முதலில் நுழைந்தேன்.

நுழைந்ததும் "போன்ஜூர்" சொல்ல வேண்டும். இது முக்கியம். சொல்லாமல் உட்காருவது, தெரிந்தவர் வீட்டுக்குள் வாய் திறவாமல் போவது போல. பகல் பன்னிரண்டிலிருந்து இரண்டு வரைதான் அடுப்பு எரியும். நம் பினாங்குபோல் நினைத்த நேரத்தில் பசியாற முடியாது. மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் சில சொற்களைத் தெரிந்துகொள்வது நல்லது: பெஃப் என்றால் மாடு, வோ என்றால் கன்று, போர் என்றால் பன்றி, பூலே என்றால் கோழி. மது வேண்டாமா? ஒரு கராஃப் தண்ணீர் கேளுங்கள், காசு இல்லை. ரொட்டிக்கும் தனியாகக் காசு இல்லை. பரிமாறும் கூலியும் விலையிலேயே அடங்கியது.

அந்த ரொட்டியைத் தம்பி பாண் என்றான். பரிமாறிய பெண்ணுக்கு அது புரிந்தது! போர்த்துக்கீசர் இலங்கையில் விட்டுப்போன சொல் அது. பிரெஞ்சுச் சொல்லும் கிட்டத்தட்ட அதே ஓசைதான். இரண்டுக்கும் பாட்டி லத்தீன்.

முதலில் அவித்த முட்டையைப் பாதியாக வெட்டி மாயொனேசு பூசிக் கொடுத்தார்கள். அடுத்து வாட்டிய கோழித் தொடையும் உருளைக்கிழங்குப் பொரியலும். அந்தக் கோழிச் சாறு இருக்கிறதே, ரொட்டியைப் பிய்த்துத் தட்டை வழித்துச் சாப்பிட்டேன். பக்கத்து மேசைப் பெரியவரும் அதையேதான் செய்துகொண்டிருந்தார். நாம் ரொட்டி பெங்காலியைக் கறிக்குழம்பில் தோய்ப்பதில்லையா?

தம்பி வாய்க்குள் வைத்ததும் கண்ணை மூடினான். ருசிக்க அல்ல, கணக்குப் போட. எலும்பைப் பல மணி நேரம் சிறுதீயில் வைத்திருக்கிறார்கள், வெங்காயத்தில் அவசரப்படவில்லை என்றான். விலை கட்டுப்படியாவதன் இரகசியமும் அவன் வாயிலிருந்துதான் வந்தது. ஒரு நாளைக்கு மூன்று நான்கு வகைக்கு மேல் சமைப்பதில்லை. சந்தையில் எது மலிவோ அதுதான் கரும்பலகையில் ஏறும். கடினமான, விலை குறைந்த இறைச்சித் துண்டை மெல்ல வேகவைத்து மென்மையாக்குவார்கள். எதுவும் குப்பைக்குப் போவதில்லை.

இந்தச் சிக்கனம் நேற்று வந்ததல்ல. 1850-களில் டுவால் என்ற இறைச்சி வியாபாரி, பாரிஸ் பெருஞ்சந்தைத் தொழிலாளிகளுக்குக் குறைந்த விலையில் இறைச்சியும் சூடான சாறும் விற்கக் கடை திறந்தார். சாற்றின் பெயரான 'புய்யோன்' அத்தகைய கடைகளுக்கே பெயராயிற்று. 1896-இல் தொடங்கிய சார்த்தியே இன்றும் நடக்கிறது. முன்பதிவு கிடையாது, வரிசையில்தான் நிற்க வேண்டும். மேசைமேல் விரித்த காகிதத்திலேயே கணக்கு எழுதுவார்கள். வாடிக்கைக்காரர்கள் தங்கள் கைத்துணியை வைத்துவிட்டுப் போவதற்கென்று அந்நாளில் வைத்த எண் போட்ட சிறு இழுப்பறைகள் இன்னும் இருக்கின்றன. ஆக, நாம் பயந்த சாப்பாட்டின் ஒரு கிளை மூட்டை தூக்கியவர்களுக்காக முளைத்தது.

கடைசியில் கேரமல் புட்டிங். அந்தக் காலத்தில் தோட்டத்துத் துரை பங்களாவில் ஹைனான் குசினிக்காரர் செய்வாரே, அதேதான்! அந்த இனிப்புக்கு மட்டும் தனிக் காசு கொடுத்தோம், கொடுத்தது தகும்.

சாப்பிட்டு முடித்து வெகுநேரமாயிற்று. யாரும் கணக்குச் சீட்டைக் கொண்டுவரவில்லை. நம்மைக் கவனிக்கவில்லையோ என்று எனக்கு உள்ளுக்குள் கோபம். நாம் கேட்கும்வரை கொண்டுவர மாட்டார்கள், கொண்டுவந்தால் எழுந்து போ என்று சொன்னதாகிவிடும் என்று தம்பி விளக்கினான். பேசிக்கொண்டிருக்கும்போதே அவன் கை தன்போக்கில் தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, முள்ளையும் கத்தியையும் மேலே சேர்த்துவிட்டது. எழுந்திருக்கவும் பார்த்தான்.

பரிமாறிய பெண் விரைந்து வந்து, சிரித்துக்கொண்டே அவற்றை அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். கோப்பி வேண்டுமா என்று கேட்டாள்.

இரண்டு என்று சொல்லிவிட்டு, தம்பி நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தான்.