அந்தக் கையில் ஏன் இத்தனை கிறுக்கல்?

வாஷிங்டன் தேசியக் கலைக்கூடத்தில், ஜெர்மன் ஓவியர் கேத்தே கோல்விட்ஸ் 1933இல் தன்னையே பக்கவாட்டில் வரைந்த கரி ஓவியம் ஒன்று இருக்கிறது. முகத்தைப் பொறுமையாக நிழலிட்டிருக்கிறார். கரித்துண்டைப் பிடித்த விரல்களும் அப்படியே. இரண்டுக்கும் நடுவே இருக்கவேண்டிய கையை மட்டும் காணோம். அந்த இடத்தில் மேலும் கீழுமாகத் தடித்த கோடுகள். வீட்டுப் பிள்ளை யாரோ புகுந்து கிறுக்கிவிட்டது போல இருக்கும்.

இந்தக் கிறுக்கலைப் படிக்கக் கரியின் குணம் தெரியவேண்டும். வில்லோ மரக்குச்சியையோ திராட்சைக் கொடியையோ காற்றுப் புகாமல் சுட்டு எடுப்பதுதான் ஓவியக் கரி. பென்சிலில் கிராஃபைட்டோடு களிமண் சேர்ந்திருக்கும்; இதில் பிடித்துவைக்கும் பொருள் எதுவும் கிடையாது. தூள் தாளின் சொரசொரப்பில் தொற்றிக்கொண்டு நிற்கிறது, அவ்வளவுதான். விரல் பட்டால் கலையும். வரைந்து முடித்ததும் மேலே பிசின் கரைசல் தெளிப்பது அதற்காகத்தான். நுனியால் இழுத்தால் கோடு, படுக்கவைத்து இழுத்தால் பட்டை. எங்கே அழுத்தினார், எங்கே தயங்கினார், எங்கே விர்ரென்று போனார் என்பதெல்லாம் தாளில் தெரிந்துவிடும்.

ஓவியத்தில் குறியீடு தேடுபவர்கள் மண்டையோடு, மெழுகுவத்தி, பறவை என்று பொருள்களைத் தேடுவார்கள். இங்கே அப்படி ஒன்றுமில்லை. பின்னணிகூட வெறும் பழுப்புத் தாள். கரி எப்படி ஓடியிருக்கிறது என்பது மட்டுமே நமக்குத் தடயம்.

வரலாறு தெரிந்தவர்கள் உடனே ஒரு விடை சொல்வார்கள். 1914இல் மகன் பீட்டரைப் போரில் பறிகொடுத்தவர் கோல்விட்ஸ். 1919இல் தன்னை உறுப்பினராக ஏற்ற பிரஷ்யக் கலை அகாடமியிலிருந்து, 1933இல் நாஜிகள் ஆட்சிக்கு வந்ததும் நெருக்கி வெளியேற்றப்பட்டார். ஆகவே அந்தக் கோடுகள் கோபம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் படம் அதற்கு ஒத்துழைக்கவில்லை. வேகமெல்லாம் அந்த ஒரு கையோடு சரி. முகத்தின் மேலோ விரல்களின் மேலோ ஒரு கீறல்கூட ஏறவில்லை. கண் வரைபலகையை விட்டு நகரவில்லை. ஆத்திரத்தில் இருப்பவர் இப்படி வரம்பு கட்டி வரைவாரா? கண் பார்த்ததை விரலுக்குக் கொண்டுபோகும் உழைப்பைத்தான் அவர் அங்கே வரைந்திருக்கிறார் என்று எனக்குப் படுகிறது. குறியீடு என்று ஒன்று வேண்டுமானால் அந்தக் கைதான்.

துயரத்தை வரைய அவருக்கு வேறு உடல்மொழி இருந்தது. 1903இல் செய்த செதுக்கோவியம் ஒன்றில், இறந்த குழந்தையைத் தாய் உடம்பு முழுவதையும் குறுக்கி அணைத்திருப்பாள். அதற்காகச் சிறுவன் பீட்டரை மடியில் வைத்துக்கொண்டு கண்ணாடி முன் அமர்ந்து தன்னையே மாதிரியாக்கினார். அங்கே கைகால்கள் உள்நோக்கி மடங்கும். 1933 படத்தில் கை வெளியே நீள்கிறது. இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், தலைப்பைப் படிக்காமலே எது இழப்பு, எது வேலை என்று சொல்லிவிடலாம்.

கைபேசியில் சிறிதாகப் பார்த்தால் அந்தக் கை வெறும் கறுப்புத் திட்டாகத் தெரியும். கலைக்கூடத்தின் இணையதளத்தில் படத்தைப் பெரிதாக்கி, கரி எந்த இடத்தில் திரும்புகிறது என்று ஒவ்வொரு கோடாகப் பின்தொடருங்கள்.